திரும்பக் கேட்கப்படும் சார்ஜர்களும் எம்மை வந்தடையாத அறிவித்தல்களும்

பத்திரிகை ஆசிரியபீடத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒரு தவறை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையை ஆரம்பிக்க விரும்புகின்றேன்.

2007 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மாலை, வெளிநாட்டுச் செய்தி முகவரகம் ஒன்று அனுப்பிய செய்தி எனது மேசைக்கு வந்தது. நொக்கியா நிறுவனத்தின் பீ.எல்.-5சீ என்னும் வகைப் பற்றரிகளில் 4 கோடியே 60 இலட்சம் பற்றரிகள் மின்னேற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடியவை என்றும், விரும்புவோருக்கு அவற்றை இலவசமாக மாற்றிக் கொடுக்க நிறுவனம் முன்வந்துள்ளது என்றும் அச்செய்தி கூறியது. ஜப்பானின் மற்சுஷிற்றா நிறுவனம் 2005 டிசெம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரித்துக் கொடுத்த பற்றரிகள் அவை. உலகெங்கும் ஏறத்தாழ நூறு சம்பவங்கள் பதிவாகியிருந்தன. எவருக்கும் பாரதூரமான காயம் ஏற்படவில்லை. செய்தியின் இறுதியில், பற்றரியைக் கழற்றி அதன் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள 26 எழுத்துக்களைக் கொண்ட அடையாள இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதிந்து பார்க்கவேண்டும் என்ற விபரம் இருந்தது.

அன்றைய நாட்களில் எமது பக்கங்களை யுத்தச் செய்திகளே நிறைத்திருந்தன என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இடமில்லை. "4 கோடியே 60 இலட்சம் பற்றரிகள்" என்ற எண்ணிக்கை ஒரு புதினமாகத் தோன்றியபடியால் அதனைத் தலைப்பாக்கி, ஒற்றைப் பத்தியில் ஆறேழு வரிகளுக்குச் சுருக்கி உட்பக்கத்திற்கு அனுப்பினேன். வெட்டியெறிந்தது எதனை என்று கேட்கிறீர்களா? இறுதிப் பந்தியைத்தான். அதாவது, தன் கையிலுள்ள பற்றரி ஆபத்தானதா இல்லையா என்பதை வாசகர் அறிந்துகொள்ளும் வழியை. செய்தியின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டு என்பதே எமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். இவ்வகைச் செய்திகளில் உயிர் வாலில்தான் இருக்கின்றது என்பதை எவரும் சொல்லித் தரவில்லை.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், அச்செய்தியைச் செம்மைப்படுத்திக் கொண்டிருந்தபோது எனது சட்டைப்பையில் இருந்ததும் ஒரு நொக்கியா 1100 தான். பீ.எல்.-5சீ பற்றரியில் இயங்கிய கைத்தொலைபேசி. அக்காலத்தில் இலங்கையில் அதனை அறியாதவர் யார்? தலையில் ரோர்ச் வெளிச்சமும், கீழே விழுந்தாலும் உடையாத உடம்பும் கொண்ட அந்தக் கருவியை மீன் வியாபாரி முதல் அமைச்சரின் செயலாளர் வரை வைத்திருந்தார்கள். நான் அன்று பற்றரியைக் கழற்றி இலக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. அது எங்கோ பின்லாந்திலும் ஜப்பானிலும் நடக்கும் விவகாரம் என்றே மனம் எண்ணிக்கொண்டது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த எண்ணத்திற்கு ஒரு பதில் வந்தது.

2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை இலங்கையில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து, வந்தவுடன் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளையும் ஒரே நேரத்தில் மின்னேற்றப் போடுவது அன்றாட வழக்கமாயிற்று. அவ்வேளையில் நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எனது தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் இரவு பத்து மணி கடந்த பின்னர் மின்சாரம் வந்தது. பள்ளிக்கூடப் பாடங்களைக் கைத்தொலைபேசியில் படித்துக்கொண்டிருந்த தங்கையின் பேத்தி, அதனை மின்னேற்றப் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு உறங்கிவிட்டாள். வயர் கட்டையாக இருந்தபடியால், நீட்டு வயர் கொண்ட பல்செருகிக் கட்டையும் கட்டில் மீதே கிடந்தது.

நள்ளிரவில் இறப்பர் கருகும் மணம் எழுப்பியது. நாங்கள் ஓடிச்சென்று பார்த்தபோது மின்னேற்றியின் ஒரு பக்கம் உருகிச் சாய்ந்திருந்தது. படுக்கை விரிப்பில் உள்ளங்கையளவு கறுப்பு. அதன் ஓரம் இன்னும் சிவந்து கனன்றுகொண்டிருந்தது. பிள்ளையின் முழங்கை அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டு விரிப்பை முற்றத்திற்கு இழுத்துச் சென்று தண்ணீர் ஊற்றினோம். தங்கை அன்றிரவு முழுவதும் உறங்கவில்லை.

"இது மலிவுச் சாமான் இல்லை அண்ணை. வெளிநாட்டிலயிருந்து வந்த ஒறிஜினல்" என்று அவள் மறுநாள் காலையில் திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மைதான். எமது தம்பியின் மகன் ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்தபோது தான் பாவித்த பழைய கைத்தொலைபேசியையும் அதன் மின்னேற்றியையும் "மாமிக்கு" என்று அன்போடு கொடுத்துச் சென்றிருந்தான். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியிருந்தால் சந்தேகித்திருப்பாள். இது பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருள். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தது. எனவே அதற்கு வீட்டில் தனி மரியாதை.

பழைய உதவி ஆசிரியருக்கு அச்சுப்பிழை தேடும் கண் ஒருபோதும் ஓய்வதில்லை. உருகாத பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்துக்களாக இருந்த மாதிரி இலக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து எழுதியெடுத்து இணையத்தில் தேடினேன். அந்த மாதிரி, பல ஆண்டுகளுக்கு முன்னரே தயாரிப்பு நிறுவனத்தால் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று கூறித் திரும்பக் கேட்கப்பட்ட ஒன்று. அறிவித்தலில் நாடுகளின் பட்டியல் ஒன்றும் இருந்தது. தம்பியின் மகன் வாழும் நாடு அதில் இருந்தது. எமது நாடு இல்லை. இருக்க வேண்டிய நியாயமும் இல்லை. அந்த மாதிரி இங்கு விற்கப்படவே இல்லையே!

அந்நிறுவனத்தின் பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை. கருகியதற்கு மின்னேற்றிதான் காரணமா, அன்றி நாங்கள் பேனை மூடியால் திறந்து இரண்டு ஊசிச் செருகியைத் திணித்திருந்த தளர்ந்த பல்செருகிக் கட்டைதான் காரணமா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே காரணமாயிருக்கலாம்.

பேனை மூடி என்றதும் எம்மவர் பலர் புன்னகைப்பார்கள் என்பதை அறிவேன். எமது வீடுகளிலுள்ள மூன்று தட்டை ஊசிகளுக்கான பிளக் பொயின்ற் பிரித்தானியத் தரத்தில் அமைந்தது. மேலேயுள்ள நிலத்தொடுப்புத் துவாரத்தினுள் நீண்ட ஊசி நுழைந்தால்தான் கீழேயுள்ள இரண்டு துவாரங்களின் உட்கதவுகள் திறக்கும். குழந்தையின் விரலோ கம்பியோ உள்ளே போகக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அந்தக் கதவைப் பேனை மூடியாலும் ஐஸ்கிறீம் குச்சியாலும் திறக்கும் கலையை நாங்கள் பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுத்திருக்கின்றோம். தட்டை ஊசிக்கென அமைந்த தொடுப்பில் உருண்டை ஊசி இறுக்கமாகப் பிடிபடுவதில்லை. பிடிபடாத இடத்தில் பொறி பறக்கும். பொறி பறக்கும் இடத்தில் சூடேறும். ஐரோப்பாவிலிருந்து வரும் ஒவ்வொரு மின்னேற்றியும் இந்த வழியாகத்தான் எமது சுவருக்குள் நுழைகின்றது.

இங்கு மின்னேற்றி என்னும் பொருளைப் பற்றிச் சற்று விளக்குவது பயன்தரும். தீப்பெட்டியளவிலுள்ள அதனைப் பலரும் வெறும் செருகியாகவே கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு சிறிய மின்மாற்றி நிலையம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்ட மின்சாரம் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேரோட்டமாக மாற்றப்படுகின்றது. பின்னர் அது ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவைகள் வெட்டப்பட்டு, புளியங்கொட்டையை விடச் சற்றுப் பெரிய மாற்றியொன்றின் ஊடாக 5 வோல்ட்டாக இறங்குகின்றது. உயிரைப் பறிக்கவல்ல பக்கமும், குழந்தை கையில் பிடித்துக் கன்னத்தில் வைத்துப் பேசும் பக்கமும் அந்தச் சிறு பெட்டிக்குள் அருகருகே இருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்திருப்பவை மாற்றியின் கம்பிச் சுருள்களுக்கிடையே சுற்றப்பட்ட சில படை காவற்பட்டியும், மின்சுற்றுத் தகட்டில் விடப்பட்ட சில மில்லிமீற்றர் இடைவெளியும்தான்.

நல்ல மின்னேற்றிக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பட்டியிலும் இடைவெளியிலும்தான் இருக்கின்றது. அதனைக் குறைத்தாலும் தொலைபேசி வழமைபோல மின்னேறும். நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. காற்றில் ஈரம் கூடிய ஒரு நாளிலோ, இடிமின்னலின்போதோ, பட்டி சூட்டில் இளகிய பின்னரோதான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். "இவ்வளவு நாளும் பாவிச்சனாங்கள், ஒண்டும் நடக்கயில்லை" என்று நாம் சொல்லும் சமாதானம் இவ்விடயத்தில் செல்லாது.

2016 டிசெம்பரில் பிரித்தானியாவின் வர்த்தகத் தர அதிகாரிகள் அமைப்பு வெளியிட்ட பரிசோதனை முடிவு ஒன்றை இங்கு குறிப்பிடுகின்றேன். அமெரிக்கா, சீனா, அவுஸ்திரேலியா உட்பட எட்டு நாடுகளிலிருந்து இணையவழியாக வாங்கப்பட்ட 400 போலி அப்பிள் மின்னேற்றிகள் சோதிக்கப்பட்டன. மின்னதிர்ச்சியிலிருந்து பாதுகாக்கப் போதிய காவலீடு மூன்றில் மட்டுமே இருந்தது. நானூறில் மூன்று! அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்றமொன்றில் அப்பிள் நிறுவனம் தாக்கல் செய்த வழக்கில், புகழ்பெற்ற இணைய அங்காடியான அமேசனில் தனது பெயரில் விற்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட பொருட்களை வாங்கிப் பார்த்ததில் ஏறத்தாழ 90 வீதமானவை போலி என்று முறையிட்டிருந்தது. மலிவாக எங்கும் வாங்குவதில்லை, இணையத்தில் நம்பிக்கையான இடத்தில்தான் வாங்குகின்றோம் என்று கூறும் ரொறன்ரோ, லண்டன் நண்பர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

ஆயினும் இன்று நான் எழுத எண்ணியது போலிகளைப் பற்றி அல்ல. போலிகளைப் பற்றிய எச்சரிக்கை எல்லோரும் சொல்வதுதான். அசல் பொருட்களைத் தயாரித்தவர்களே "தயவுசெய்து இதனைப் பாவிக்காதீர்கள், திருப்பித் தாருங்கள்" என்று பகிரங்கமாகக் கேட்ட பின்னரும் அப்பொருட்கள் எமது வீடுகளில் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கின்றனவே, அதனைப் பற்றியதே என் கவலை.

சில உதாரணங்களைப் பாருங்கள். 2008 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐபோன் 3ஜீ உடன் வழங்கப்பட்ட சிறிய மின்னேற்றியின் உலோக ஊசி உடைந்து பிளக் பொயின்றினுள்ளேயே தங்கிவிடலாம் என்று அப்பிள் அறிவித்தது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் முதலிய நாடுகளில் விற்கப்பட்டவை அவை. மாற்றிக் கொடுக்கப்பட்டவற்றில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். 2014 ஜூனில் அதே நிறுவனம், 2009 ஒக்டோபருக்கும் 2012 செப்டெம்பருக்கும் இடையில் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளில் ஐபோன் 3ஜீஎஸ், 4, 4எஸ் ஆகியவற்றுடன் வழங்கிய ஏ1300 என்ற மாதிரி மின்னேற்றி அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று கூறி மாற்றிக் கொடுத்தது. 2014 ஓகஸ்டில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் மடிக்கணினிகளுடன் கொடுத்த, எல்.எஸ்.-15 என்ற அடையாளம் பொறித்த மின்வயர்களைத் திரும்பக் கேட்டது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 56 இலட்சம், கனடாவில் நான்கு இலட்சத்து நாற்பத்தாறாயிரத்திற்கும் மேல்.

மேற்சொன்ன நாடுகளின் பெயர்களை மீண்டும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து. எமது உறவினர்களின் விலாசப் புத்தகம் போலல்லவா இருக்கின்றது! அந்நாடுகளில் ஒரு பொருள் பழையதானால் அது எங்கே போகும் என்பது எமக்குத் தெரியும். ஊருக்குப் போகும் சூட்கேசின் மூலையில், சொக்கலேற்றுக்கும் வாசனைச் சவர்க்காரத்திற்கும் இடையில் போகும். பொருள் கடல் கடந்து வந்துவிடுகின்றது. அதனைத் திரும்பக் கேட்கும் கடிதமோ பழைய விலாசத்திற்கே போகின்றது.

2019 ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்தது இன்னும் நேரடியாக எம்மைச் சார்ந்தது. 2003 முதல் 2010 வரை மக் கணினிகளுடனும் உலகப் பயணச் செருகித் தொகுதியுடனும் விற்கப்பட்ட, பிரித்தானியா, ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கான மூன்று ஊசிச் செருகியை அப்பிள் மீளப் பெற்றது. உடைந்தால் உள்ளிருக்கும் உலோகம் வெளித்தெரிந்து மின்னதிர்ச்சி ஏற்படலாம் என்பதே காரணம். உலகெங்கும் ஆறு சம்பவங்களே அந்நிறுவனத்திற்குத் தெரிய வந்திருந்தன. மூன்று தட்டை ஊசிகள் என்றால் எமது சுவரில் பேனை மூடியே இல்லாமல் நேராகப் போய் உட்காரும் வகை. பழையதையும் புதியதையும் வேறுபடுத்துவது எளிது: மின்னேற்றியுடன் பொருந்தும் உட்புறம் புதியதில் சாம்பல் நிறமாக இருக்கும், பழையதில் வெள்ளையாக, எழுத்து எதுவுமின்றி இருக்கும். இந்த ஒரு வரியைத் தமிழில் எங்கேனும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. நான் எழுதியதும் இல்லை.

இதற்கு மாறாக ஒரே ஒரு மீளப்பெறல் மட்டும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தது. 2016 இல் சம்சுங் கலக்ஸி நோட் 7 தொலைபேசி தீப்பற்றிய விவகாரம். செப்டெம்பர் ஆரம்பத்தில் மாற்றித் தருவதாகக் கூறி, மாற்றிக் கொடுத்தவையும் எரியவே ஒக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். விமானங்களில் ஏறும்போது அத்தொலைபேசியின் பெயரைச் சொல்லியே எச்சரித்தார்கள். விற்கப்பட்ட ஏறத்தாழ முப்பது இலட்சத்தில் 96 வீதத்திற்கும் மேலானவை 2017 ஜனவரிக்குள் திரும்பி வந்துவிட்டதாக நிறுவனம் கூறியது. எப்படி முடிந்தது? ஆயிரம் டொலருக்கு அண்மித்த பொருள் என்பதால் நிறுவனத்திற்கும் வாங்கியவருக்கும் அக்கறை இருந்தது. விமான நிறுவனங்கள் இலவசமாகப் பிரசாரம் செய்தன. மேலும் அது வெடித்தது, வெடிப்பது செய்தி. பத்து டொலர் மின்னேற்றி கட்டிலின் ஓரத்தில் சத்தமின்றி இளகினால் அது செய்தியல்ல. செய்தியின் இலக்கணம் அப்படி. அந்த இலக்கணத்தை இயற்றியவர்களில் நானும் ஒருவன்.

திரும்பக் கேட்கும் நிறுவனங்களை இழித்துரைப்பது என் நோக்கமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்மவர் மத்தியில் ஒரு மனப்பாங்கு உண்டு. ஒரு நிறுவனம் பொருளைத் திரும்பப் பெற்றது என்று கேள்விப்பட்டால் "அப்ப அந்தக் கொம்பனிச் சாமான் சரியில்லை" என்று முடிவு கட்டிவிட்டு, பெயரில்லாத ஒன்றை வாங்குவார்கள். பெயரில்லாததை எவரும் திரும்பக் கேட்டதாகச் செய்தி வருவதில்லை அல்லவா! திரும்பக் கேட்பதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டும், விலாசம் வேண்டும், எந்தத் தொழிற்சாலையில் எந்த மாதத்தில் செய்தது என்ற பதிவு வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பொலித்தீன் பையில் தொங்கும் மின்னேற்றிக்கு இவற்றில் எதுவும் இல்லை. 2020 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் புதிய தொலைபேசியுடன் மின்னேற்றி கொடுப்பதை நிறுத்தியது. 2021 ஜனவரியில் சம்சுங்கும் தனது உயர்ரகத் தொலைபேசியில் அதே வழியில் சென்றது. சூழல் நலன் என்று காரணம் கூறினார்கள். ஐரோப்பாவில் அது நியாயமாயிருக்கலாம். எமது நாட்டில் அதன் விளைவு, வாங்குபவரை நேராக நடைபாதைக்கு அனுப்பியதுதான்.

அண்மைய காலத்தில் இக்கதை பவர் பாங் எனப்படும் மின்சேமிப்புக் கருவிகளுக்கு மாறியிருக்கின்றது. 2025 ஜனவரி 28 ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் எயார் பூசான் விமானமொன்று புறப்பட ஆயத்தமாக நின்றபோது தீப்பற்றி எரிந்தது. உள்ளே பையொன்றில் இருந்த பவர் பாங் காரணமாயிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் பின்னர் கூறினர். அவ்வாண்டு ஜூனில் அங்கர் நிறுவனம் தனது ஏ1263 என்ற மாதிரியை அமெரிக்காவில் திரும்பக் கேட்டது. ஏறத்தாழ 11 இலட்சத்து 58 ஆயிரம் கருவிகள். அவை 2016 முதல் 2022 வரை விற்கப்பட்டவை. 2022 இன் மின்வெட்டுக் காலத்தில் வெளிநாட்டு உறவினர்களிடம் நாங்கள் கேட்டு வாங்கிய பொருட்களில் முதலிடம் எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரசாங்கம் என்ன செய்கின்றது என்ற கேள்வி எழும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு கைத்தொலைபேசியின் அடையாள இலக்கத்தை 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சோதிக்கும் வசதியை ஏற்படுத்தியது. நல்ல ஏற்பாடு. ஆயின் அது தொலைபேசிக்கான சோதனை. அதனுடன் வரும் மின்னேற்றிக்கானதன்று. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகாரசபை, அரிசி விலையிலும் அளவை நிறுவையிலும் காட்டும் சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கை இதில் காட்டினாலே போதும் என்பேன். புதிய ஆய்வுகூடமோ வெளிநாட்டுக் கடனோ இதற்குத் தேவையில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, கனடாவின் சுகாதாரத் திணைக்களம், ஐரோப்பிய ஒன்றியத்தின் எச்சரிக்கைப் பட்டியல் ஆகியவை இவ்வறிவித்தல்களைப் படத்துடன் இலவசமாக வெளியிடுகின்றன. ஒரு மேசை, இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், வாரத்திற்கு ஒரு பக்கம், சிங்களத்திலும் தமிழிலும். இங்கு விற்கப்பட்டதா என்று பார்க்கத் தேவையில்லை. சூட்கேசில் வரக்கூடியதா என்று பார்த்தால் போதும்.

அவ்வாறே பத்திரிகைகளும். இராசி பலனுக்கு வாரந்தோறும் அரைப்பக்கம் ஒதுக்கும் எமக்கு இதற்கு ஒரு பத்தி ஒதுக்க முடியாதா? இன்று ஆசிரியபீடங்களில் இருக்கும் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுருக்க வேண்டுமானால் எண்ணிக்கையைச் சுருக்குங்கள், மாதிரி இலக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்குச் சொல்லக்கூடியது இதைவிட எளிது. ஊருக்குக் கொண்டுவரும் பழைய கருவியின் மாதிரி இலக்கத்தையும், "மீளப்பெறல்" என்பதற்கு நீங்கள் வாழும் நாட்டு மொழியிலுள்ள சொல்லையும் சேர்த்து இணையத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. திரும்பக் கேட்கப்பட்டது என்றால் அங்கேயே கொடுத்துப் புதியதைப் பெறலாம். இங்கே வந்த பின்னர் அது முடியாது. ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் மின்னேற்றியை அங்கேயே விட்டுவிட்டு, எமது சுவருக்குப் பொருந்தும் மூன்று ஊசி மின்னேற்றி ஒன்றை நம்பகமான கடையில் வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது.

ஊரில் இருப்பவர்களுக்கும் சில உண்டு. மூன்று ஊசி மின்னேற்றியாயின் ஊசிக்கும் பெட்டியின் விளிம்புக்கும் இடையில் குறைந்தது 9.5 மில்லிமீற்றர் இருக்கவேண்டும் என்பது பிரித்தானிய மின்பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் அளவு; ஏறத்தாழச் சின்ன விரல் நகத்தின் அகலம். அதைவிடக் குறைந்தால் செருகும்போது விரல் ஊசியில் படலாம். சீ.ஈ. என்ற எழுத்துக்களை மட்டும் கண்டு மயங்க வேண்டாம். அச்சகம் வைத்திருக்கும் எவரும் அதனை அச்சிடலாம். உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொடும்போது மெல்லிய கூச்சம் தெரிவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றார்கள். நிலத்தொடுப்பில்லாத நல்ல மின்னேற்றியிலும் மிகச் சிறிய அளவில் அது ஏற்படுவதுண்டு. கையை உதறவைக்கும் அதிர்ச்சி வேறு. அப்படி ஒன்று நேர்ந்தால் அன்றே அதனை ஒதுக்கிவிட வேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிச் இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொரு முறை அழுத்திப் பார்க்கவும். தங்கை வீட்டு ட்ரிப் சுவிச் அன்றிரவு விழவில்லை. அது பழுதென்று நினைத்து மின்னியலாளரை அழைத்தேன். பழுதில்லை. மின்சாரம் நிலத்திற்குக் கசிந்தால்தான் அது விழும். வெறும் சூட்டுக்கு அது விழாது என்று அவர் விளக்கினார். மின்னேற்றும்போது கட்டிலையும் தலையணையையும் தவிர்க்கவேண்டும் என்பதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

தம்பியின் மகனுக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "பெரியப்பா, எனக்கு அப்பவே ஈமெயில் வந்தது. நான் திறந்து பாக்கயில்லை" என்றான். அவனைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இருக்கவில்லை. திரும்பக் கொடுத்து மாற்ற முடியுமா என்று அவன் அங்கே விசாரித்தும் பார்த்தான். மாற்றிக் கொடுக்கும் திட்டத்திற்குத் தொலைபேசியின் தொடர் இலக்கத்தைக் கேட்டார்களாம். அந்தத் தொலைபேசியைத் தங்கை அதற்குள் யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

"அப்ப இதை எங்க அண்ணை திருப்பிக் குடுக்கிறது?" என்று கேட்டாள். குப்பையில் போட்டால் யாராவது பொறுக்கி எடுத்துத் திருத்தி விற்பார்கள் என்ற பயம் அவளுக்கு. கொழும்பு திரும்பும்போது நானே வாங்கி வந்தேன். அதன் ஊசிகளைக் குறட்டினால் நெரித்து, வயரை வெட்டிவிட்டேன். இப்போதும் என் மேசை லாச்சியில் பழைய நொக்கியாவின் பக்கத்தில் கிடக்கின்றது. அன்று மாலை நொக்கியாவின் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். பற்றரியின் மேலிருந்த இலக்கம் தேய்ந்து போயிருந்தது.